இழப்பீட்டு வழக்கில் லோக் அதாலத்துக்கு அழைத்திருக்கிறார்கள், போகலாமா?

தம்பியின் இழப்பீட்டு வழக்கை லோக் அதாலத்தில், அதாவது பேசிச் சமரசத்துக்கு வர வைக்கும் மக்கள் நீதிமன்றத்தில் போட்டிருக்கிறார்கள், அங்கே என்ன நடக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அதற்குள் இன்னும் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. இன்சூரன்ஸ் கம்பெனி தருவதாகச் சொல்லும் இரண்டு லட்சம் நியாயமான தொகைதானா என்பது ஒன்று. வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டால் உள்ளதும் போய்விடுமோ என்ற பயம் மற்றொன்று. பயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன்: போகாது. மறுத்தால் வழக்கு, விட்ட இடத்திலிருந்து தொழிலாளர் துணை ஆணையர் முன் தொடரும். இழப்பீட்டு வழக்கை விசாரிப்பவர் அவர்தான்; கீழே வெறுமனே ஆணையர் என்று சொல்வதும் அவரைத்தான். மறுத்ததை யாரும் உங்களுக்கு எதிராக எழுதிவைக்க முடியாது.

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் நீங்கள் கொடுத்த விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோவையில் ஆறு பேர் வேலை செய்யும் ஒரு பட்டறை. 2024 மார்ச்சில் பவர் பிரஸ்ஸில் தம்பியின் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போய்விட்டன. அப்போது அவருக்கு வயது 30. கையில் வாங்கிய சம்பளம் 18,000 ரூபாய், பதிவேட்டில் இருப்பது 9,000. ஆஸ்பத்திரி பில் 80,000 ரூபாயை முதலாளி கட்டினார். பிறகு 50,000 கொடுத்து, 20 ரூபாய்ப் பத்திரத்தில் 'இனி எந்தப் பாக்கியும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அதன் பிறகும் நீங்கள் வழக்குப் போட்டீர்கள். நல்ல காரியம் செய்தீர்கள். இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன, இப்போது இந்த அழைப்பு.

நான் வழக்கறிஞர். தொடக்கத்தில் ஏழு ஆண்டுகள் இன்சூரன்ஸ் கம்பெனிகளின் பேனலில் இருந்தேன். அதன் பிறகு இன்றுவரை தொழிலாளர் பக்கம்தான். எதிர்த்தரப்பில் இருந்தபோது கற்றதுதான் இப்போது அதிகம் உதவுகிறது. அந்த இரண்டு லட்சம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் பார்த்தவுடன் தெரிந்ததும் அதனால்தான். அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு பற்றி ஒரு வார்த்தை. பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடமாக இருந்து, சம்பளம் மாதம் 21,000-க்குள் இருந்தால் அவர் இ.எஸ்.ஐ.க்கு உட்பட்டவர், அப்படிப்பட்டவர் முதலாளியிடம் தனியாக இழப்பீடு கேட்க முடியாது. முதலாளி பணம் கட்டவே இல்லை, பெயரையே பதியவில்லை என்றாலும் நிலைமை இதுதான் என்று 2003-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அங்கே போக வேண்டிய வாசல் இ.எஸ்.ஐ. அலுவலகம். ஆறு பேர் பட்டறை என்பதால் உங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் எதிர்த்தரப்பு கடைசி நேரத்தில் 'அங்கே பன்னிரண்டு பேர் இருந்தார்கள்' என்று கிளப்பிப் பயமுறுத்துவதைப் பார்த்திருக்கிறேன். உண்மையிலேயே எத்தனை பேர் இருந்தார்கள் என்பதைத் தம்பியிடம் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

இனி கணக்கு. மோட்டார் விபத்து வழக்குகளில் நீதிபதியின் மதிப்பீட்டுக்கு நிறைய இடம் உண்டு. பணியாளர் இழப்பீட்டுச் சட்டம், 1923 அப்படிப்பட்டதல்ல. இதில் தொகை ஒரு வாய்ப்பாடு. மாதச் சம்பளத்தில் 60 விழுக்காட்டை எடுத்து, வயதுக்கென்று அட்டவணையில் கொடுத்திருக்கும் எண்ணால் பெருக்க வேண்டும். 30 வயதுக்கு அந்த எண் 207.98. முழு நிரந்தர ஊனத்துக்கான தொகை அதுதான். பகுதி ஊனம் என்றால், அதில் அந்தக் காயத்துக்குரிய விழுக்காடு. ஒரு கையில் இரண்டு விரல்கள் போனால் 20 விழுக்காடு என்று சட்டத்தின் முதல் அட்டவணையே சொல்கிறது. சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் 15,000 ரூபாய்க்கு மேல் கணக்கில் எடுக்கமாட்டார்கள். 2020 ஜனவரி 3 முதல் உச்சவரம்பு இதுதான், அதற்கு முன் 8,000 ஆக இருந்தது. எனவே தம்பிக்கு: 15,000-இல் 60 விழுக்காடு 9,000, அதை 207.98-ஆல் பெருக்கினால் 18,71,820. அதில் 20 விழுக்காடு 3,74,364 ரூபாய். விபத்து நடந்த அன்றே இந்தத் தொகை கடனாகிவிடுகிறது. ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் ஆண்டுக்கு 12 விழுக்காடு தனிவட்டி. இரண்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 89,800. கூட்டினால் 4 லட்சத்து 64 ஆயிரம்.

இப்போது அதே கணக்கைப் பதிவேட்டில் இருக்கும் 9,000 ரூபாய்க்குப் போட்டுப் பாருங்கள். 5,400 பெருக்கல் 207.98, அதில் ஐந்தில் ஒரு பங்கு: 2,24,618. வட்டியை மறந்துவிட்டு, தொகையையும் கொஞ்சம் கிள்ளினால் இரண்டு லட்சம். அவர்கள் சொல்லும் தொகை வந்த வழி இதுதான். உங்கள் மீது இரக்கப்பட்டுத் தருவது போல அதைச் சொல்வார்கள். 'கேஸ் வீக்காக இருந்தாலும் மனிதாபிமானத்தில் தருகிறோம்' என்ற வாசகத்தை நானே ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். உண்மையில், அவர்களுடைய சொந்தக் கணக்குப்படியே வட்டி சேர்த்தால் 2,78,000-க்குக் குறையக் கூடாது. ஆகவே பேச்சு நடக்க வேண்டிய களம் 2,78,000-க்கும் 4,64,000-க்கும் நடுவில் இருக்கிறது. இரண்டு லட்சம் அந்தக் களத்துக்கு வெளியே, வேலிக்கு அப்பால் கிடக்கிறது.

இதுவரை சொன்னது உறுதியானது. உறுதியில்லாத இடங்கள் மூன்று. பேரம் அவற்றைப் பற்றி மட்டும்தான் இருக்க வேண்டும்.

முதலாவது சம்பளம். 18,000 வாங்கியதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது? வங்கியிலோ கூகுள் பேயிலோ வந்திருந்தால் கவலை இல்லை. உறையில் போட்டுக் கையில் கொடுத்தது என்றால், கூட வேலை செய்தவர் ஒருவர் வந்து சொல்ல வேண்டும். அவர் இன்னும் அதே பட்டறையில் இருந்தால் வரமாட்டார். ஆதாரம் ஒன்றுமே இல்லாவிட்டாலும் 9,000-க்கு இறங்க வேண்டியதில்லை. இந்தத் தொழிலுக்கு அரசு அறிவித்திருக்கும் குறைந்தபட்ச ஊதியம், பஞ்சப்படி சேர்த்து, விபத்து நடந்த மாதத்தில் எவ்வளவு என்று தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே பதிவேட்டில் எழுதியிருக்கும் முதலாளி, இன்னொரு சட்டத்தை மீறியதாகத் தன் கைப்பட எழுதிக்கொடுத்திருக்கிறார். அந்தத் தாளை மேசையில் வைத்ததும் முதலாளியின் குரல் இறங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, பிரஸ்ஸின் பாதுகாப்பு கார்டு (guard), அதாவது கை உள்ளே போகாமல் தடுக்கும் காப்பு. இந்தச் சட்டத்தில் தவறு யாருடையது என்ற கேள்வியே பொதுவாகக் கிடையாது. தொழிலாளியின் கவனக்குறைவு இழப்பீட்டைக் குறைக்காது. ஆனால் குடித்திருந்தது, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புச் சாதனத்தைத் தெரிந்தே கழற்றியது என்ற மூன்று விலக்குகள் உண்டு. மரணத்துக்கும் முழு நிரந்தர ஊனத்துக்கும் இந்த விலக்குகள் பொருந்தா. பகுதி ஊனத்துக்குப் பொருந்தும். ஆகவே 'கார்டைக் கழற்றியதே இவன்தான்' என்பார்கள். உற்பத்தி குறைகிறது என்று முதலாளியே கழற்றச் சொல்வதுதான் பட்டறைகளில் நடப்பு. மற்ற பிரஸ்களிலும் கார்டு இல்லாமல்தான் ஓடியதா என்று தம்பியிடம் கேளுங்கள். ஓடியது என்றால் இந்த வாதத்துக்கு உயிரில்லை. நிரூபிக்க வேண்டிய சுமையும் அவர்களுடையது.

மூன்றாவது, விழுக்காடு. விரல் போனதற்கு 20 என்பது அட்டவணைப்படி நிலையானது. மீதி விரல்கள் மடங்கவில்லை, நரம்பு பாதித்திருக்கிறது, பிடிமானம் இல்லை என்றால் ஈட்டும் திறன் இழப்பு இன்னும் அதிகம் என்று மருத்துவர் சான்று தரலாம். மருத்துவர் எழுதியதைப் பார்க்காமல் அது எங்கே நிற்கும் என்று நான் ஆரூடம் சொல்லக் கூடாது. சிலர் உங்களிடம் 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைக் காட்டி, நூறு விழுக்காடே கேட்கலாம் என்பார்கள். அந்த வழக்கில் ஒரு தச்சருக்கு இடது கை முழங்கைக்கு மேலே வெட்டி எடுக்கப்பட்டது. இனி அவர் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் முழு ஊனம் என்றார்கள். இரண்டு விரல் இழப்பை அதோடு சேர்த்துக் கட்டினால் அறுந்துவிடும். அந்த ஆசையில் நல்ல சமரசத்தைத் தட்டிவிடாதீர்கள்.

லோக் அதாலத் நாளில் என்ன நடக்கும் என்று கேட்டீர்கள். முதலில் சலிப்பு நடக்கும். காலை பத்து மணிக்கு வரச் சொல்வார்கள், உங்கள் முறை மதியத்துக்குப் பிறகும் வரலாம். சாப்பாடு கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மேசைக்கு அந்தப் பக்கம் பணியில் இருக்கும் அல்லது ஓய்வு பெற்ற நீதிபதி, அவரோடு ஒரு வழக்கறிஞரோ சமூகப் பணியாளரோ இருப்பார்கள். சாட்சி இல்லை, குறுக்கு விசாரணை இல்லை. விபத்து எப்படி நடந்தது, யார் கவனிக்கவில்லை, ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தாமதமாகக் கொண்டுபோனார்கள் என்றெல்லாம் யாரும் கேட்கமாட்டார்கள். இரண்டு ஆண்டுகளாக அதைச் சொல்லக் காத்திருக்கும் தொழிலாளிக்கு இது பெரிய ஏமாற்றம். தம்பியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அங்கே எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: 'எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?' கையில் கணக்குத் தாள் இல்லாதவர் அந்த இடத்தில் முதலாளியின் முகத்தைப் பார்த்து ஒரு தொகை சொல்லிவிடுகிறார். நீங்கள் தாளை நீட்டுங்கள்.

மேசைக்குப் பின்னால் இருப்பவர் நீதிபதி என்பதால் அவர் சொல்வதைத் தீர்ப்பு என்று மக்கள் நினைத்துவிடுகிறார்கள். 'மூன்று லட்சத்துக்கு முடித்துக்கொள் தம்பி, காலம் போகிறது' என்று அவர் சொன்னால் அது யோசனை மட்டுமே. இரு தரப்பும் ஒத்துக்கொண்டதைப் பதிவு செய்யத்தான் லோக் அதாலத்துக்கு அதிகாரம் இருக்கிறது. ஒத்துக்கொள்ளாததைத் தீர்ப்பாகச் சொல்ல அதிகாரம் இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2008-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. இன்சூரன்ஸ் தரப்பில் வரும் அதிகாரிக்கு மேலிடம் ஒரு வரம்பு கொடுத்து அனுப்பியிருக்கும். முதலில் சொல்வது அந்த வரம்பாக இருக்காது. நீங்கள் இறங்காமல் இருந்தால் அவர் வெளியே போய்ப் போன் செய்துவிட்டு வருவார். அந்தப் போனுக்குக் காத்திருங்கள்.

ஒருமுறை ஒத்துக்கொண்டு கையெழுத்திட்டால், அதன் மீது மேல்முறையீடு கிடையாது. சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு உள்ள வலிமை அதற்கு உண்டு. ஏமாற்றப்பட்டேன் என்று உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம், ஆனால் அந்த வாசல் ஊசிக்காது அளவுதான். இங்கே பலர் கவனிக்காத ஒரு வித்தியாசம் உண்டு. இதே சமரசத்தைத் துணை ஆணையர் முன் ஒப்பந்தமாகப் பதிவு செய்தால், தொகை போதுமானதா என்று பார்க்கும் பொறுப்பு சட்டப்படி அவருக்கு இருக்கிறது. குறைவாக இருந்தாலோ, ஏமாற்றியோ அழுத்தம் கொடுத்தோ வாங்கியதாகத் தெரிந்தாலோ பதிவு செய்ய மறுக்கலாம். லோக் அதாலத்தில் அந்தக் காவல் இல்லை. தொகை கணக்குக்கு நெருக்கமாக இருந்தால் எங்கே முடித்தாலும் ஒன்றுதான். நிறைய விட்டுக்கொடுத்து முடிப்பதாக இருந்தால் நான் ஆணையர் முன் முடிப்பதையே விரும்புவேன்.

இந்தக் காவலை முன்னிட்டுத்தான் அந்த 20 ரூபாய்ப் பத்திரத்தைப் பற்றி நீங்கள் கலங்க வேண்டாம் என்கிறேன். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதும் எந்த ஒப்பந்தமும் 17-வது பிரிவின்படி செல்லாது. அதுமட்டுமல்ல. இழப்பீட்டு ஒப்பந்தத்தை ஆணையருக்கு அனுப்பிப் பதிவு செய்யாத முதலாளி முழுத் தொகைக்கும் பொறுப்பாகிறார்; ஏற்கெனவே கொடுத்ததில் பாதிக்கு மேல் கழிக்கவும் முடியாது, ஆணையர் வேறுவிதமாக உத்தரவிட்டால் ஒழிய. இது 29-வது பிரிவு. அவர் கொடுத்த 50,000-இல் 25,000 மட்டும்தான் கழியும். ஆஸ்பத்திரிக்குக் கட்டிய 80,000 கழியவே கழியாது. மருத்துவச் செலவு இழப்பீடாகக் கருதப்படாது, அது முதலாளி தனியாகத் தர வேண்டியது. மேசையில் 'ஏற்கெனவே ஒன்று முப்பது கொடுத்தாயிற்று' என்று முதலாளி ஆரம்பிப்பார். இந்த இரண்டு விதிகளையும் வழக்கறிஞர் நினைவில் வைத்திருக்கிறாரா என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சாதகம் இருக்கும்போது ஏன் சமரசம் என்று கேட்கலாம். காலம்தான். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடப்பது உங்களுக்கே தெரியும். உத்தரவு வந்த பிறகு எதிர்த்தரப்பு உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். முழுத் தொகையையும் ஆணையரிடம் கட்டிய சான்று இல்லாமல் அவர்களால் மேல்முறையீடு செய்ய முடியாது என்பது தொழிலாளிக்கு இருக்கும் பெரிய பலம். கட்டிய பணம் அங்கே பத்திரமாக இருக்கும். ஆனால் அதைக் கையில் வாங்க மறுபடியும் காத்திருக்க வேண்டும். தம்பி கடனில் இருக்கிறாரா, வட்டிக்கு வாங்கியிருக்கிறாரா? மாதம் மூன்று வட்டிக்குக் கடன் ஓடிக்கொண்டிருந்தால், ஆண்டுக்கு 12 விழுக்காட்டுக்காகக் காத்திருப்பது நஷ்டம். கடன் இல்லை, சம்பளத்துக்கு ஆதாரமும் இருக்கிறது என்றால் என் கணக்கில் நான்கு லட்சத்துக்குக் கீழே இறங்க மாட்டேன். சம்பள ஆதாரம் பலவீனம் என்றால் மூன்றரையைப் பற்றி யோசிக்கலாம். இது என் அனுபவத் தராசு, சட்டமல்ல. கோப்பைப் பார்க்கும் உங்கள் வழக்கறிஞர் வேறு சொன்னால் காரணம் கேட்டுவிட்டு அவர் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள்.

தொகை படிந்த பிறகு எல்லோரும் எழுந்து கை குலுக்குவார்கள். நீங்கள் எழுந்துவிடாதீர்கள். எழுதப்படும் வாசகம்தான் பணம். இன்சூரன்ஸ் எவ்வளவு, முதலாளி எவ்வளவு என்று பிரித்து எழுத வேண்டும். பாலிசியில் 9,000 சம்பளம் என்று காட்டியிருந்தால் அதற்கு மேலுள்ள பகுதியைக் கம்பெனி முதலாளி தலையில் போடும், முதலாளி வரவில்லை என்றால் அந்தப் பகுதி காற்றில் போய்விடும். எத்தனை நாளில் கட்ட வேண்டும், தவறினால் என்ன வட்டி என்பதும் இருக்க வேண்டும். 'சம்பளப் பாக்கி, போனஸ் உட்பட அனைத்தும் தீர்ந்தது' என்ற வரியோ, வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்ற வரியோ நடுவில் நுழைந்தால் அடிக்கச் சொல்லுங்கள். இது காயத்துக்கான இழப்பீடு. மற்ற கணக்குகள் வேறு. வெற்றுத் தாளில் யார் கேட்டாலும் கையெழுத்து வேண்டாம், சொந்த வழக்கறிஞரே கேட்டாலும்.

வழக்கறிஞர் கட்டணம் பற்றி நீங்கள் தயங்கித் தயங்கி எழுதியிருந்தீர்கள். வரும் தொகையில் பங்கு என்று பேசியிருந்தால், அப்படிப் பேசுவது எங்கள் தொழில் விதிகளுக்கே விரோதம். அவரை மாற்ற வேண்டும் என்று தோன்றினால், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் தொழிலாளிக்கு இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள். 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்து 1923 சட்டத்தின் இடத்தைப் பிடித்துவிட்டது. அதைக் காட்டி யாராவது குழப்பினால், தம்பியின் விபத்து 2024-இல் நடந்தது என்று சொல்லுங்கள். எந்த விகிதம் பொருந்தும் என்பதை விபத்து நாள்தான் தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் அதைத்தான் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் விபத்து நடந்தவர்கள் புதிய தொகுப்பைப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் பலரை இரண்டு மூன்று மாதம் அலைய வைத்தது. தம்பி வலது கைக்காரர் என்று நினைக்கிறேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போன பிறகு அவருடைய கையெழுத்து மாறியிருக்கும். வங்கியில் இருப்பது பழைய கையெழுத்து. பணத்தை விடுவிக்கக் கொடுக்கும் மனுவில் ஒரு கையெழுத்தும் வங்கியில் வேறொரு கையெழுத்தும் இருந்து, ஜெயித்த பணம் வாசலில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். லோக் அதாலத் தேதிக்கு முன்பே அவரை வங்கிக்கு அழைத்துப்போய், இப்போது போடும் கையெழுத்தைப் பதிந்துவிட்டு வாருங்கள்.